திறந்த பலகை ஸ்பீக்கரில் குரல் சரியாக வரவில்லையா? மிட்ரேஞ்ச் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் களைவது எப்படி

பெட்டியே இல்லாமல், துளையிட்ட ஒரு பலகையில் மட்டும் பொருத்துவதுதான் திறந்த பலகை ஸ்பீக்கர். பலகை அறுத்தாகிவிட்டது, ஸ்பீக்கர்களைப் பொருத்தியாகிவிட்டது, முதல் பாட்டும் போட்டாகிவிட்டது. ஆனால் பாடகர் கிணற்றடியில் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. அல்லது ஜலதோஷம் பிடித்தவர்போல மூக்கால் பாடுகிறார். இந்த இடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: குரல் இருக்கும் நடு அதிர்வெண்களை ஒலிக்கும் மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர் மட்டம் என்று முடிவுகட்டி, அதைவிட விலை கூடிய வேறொரு ஜோடியை வாங்குவது. நானும் அப்படி இரண்டு ஜோடி வாங்கினேன். இரண்டிலும் கோளாறு அப்படியே இருந்தது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு ஆண்டுகள் பலகையை மாற்றி மாற்றி அறுத்துக் கற்றுக்கொண்டதை இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி ஸ்பீக்கரில் கூம்பின் (முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் பகுதி) பின்பக்க ஒலி பெட்டிக்குள் அடைபட்டுவிடும். திறந்த பலகையில் அது முன்பக்க ஒலியின் அளவுக்கே வெளியே வருகிறது. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுப்பதால், இரண்டும் நேரெதிர். ஆகவே திறந்த பலகையில் ஸ்பீக்கருக்கு முதுகும் முகம்தான். முகத்தை மட்டும் பார்த்து வாங்கிய ஸ்பீக்கரும், முகத்துக்கு மட்டும் இடம்விட்டு அறுத்த பலகையும்தான் கீழே வரும் தொல்லைகளில் பாதிக்குக் காரணம்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு 100 ஓம் மின்தடை, ஓர் அளவு டேப், வேண்டிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் செயலியும் ஒலியளவு காட்டும் செயலியும் உள்ள கைப்பேசி. இவை போதும்.

அறிகுறி: கீழ்ச்சுரங்களில் குரல் தேய்கிறது, மேலே ஏறினால் முன்னே வருகிறது

என் முதல் பலகை 40 செ.மீ. அகலம். திருவையாறு ஆராதனைக்கு ஆண்டு தவறாமல் போய்வரும் என் பெரியப்பா ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்டார். பாட்டு பாதி ஓடியிருக்கும். "ஏனப்பா, இவர் கீழே பாடும்போது வாசலுக்குப் போய்விடுகிறார், மேலே ஏறும்போது கூடத்துக்குள் வருகிறாரே?" என்றார். இதைவிடத் துல்லியமாக அந்தக் கோளாறை யாரும் சொல்ல முடியாது.

காரணம் பலகையின் அகலம். பின்பக்க ஒலி பலகையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்து, முன்பக்க ஒலியை அழிக்கிறது. நீளமான அலைகளில், அதாவது கீழ்ச்சுரங்களில், இந்த அழிவு அதிகம். இதைக் கணக்கிட ஒரு சுருக்கு வழி உண்டு. நம் பக்கத்து வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. பலகை அகலத்தில் பாதியை மீட்டரில் எடுத்துக்கொண்டு, 350-ஐ அதனால் வகுங்கள். 40 செ.மீ. பலகைக்குப் பாதி 0.2 மீட்டர், விடை 1,750 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். அதில் பாதியான 875 ஹெர்ட்ஸில் ஒரு மேடு எழும். ஆறில் ஒரு பங்கான 290 ஹெர்ட்ஸ் அளவில்தான் பலகை லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் இருக்கும். அதற்குக் கீழே போகப்போக நட்டம். அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல் இழப்பு.

ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலை இதில் வைத்துப் பாருங்கள். ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். என் 40 செ.மீ. பலகையில் அது ஏறத்தாழ 6.5 டெசிபல் குறைகிறது. மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். அது 9 டெசிபல் குறைகிறது. மேலே பஞ்சமத்தில் 3 டெசிபல்தான் இழப்பு, தார ஷட்ஜத்தில் 1. ஒரே பாடகர், ஒரே மூச்சு. ஆனால் சுரம் ஏற ஏற அவர் நம்மை நோக்கி நடந்து வருவதுபோல் கேட்கிறது. பெரியப்பாவின் காது இந்தக் கணக்கைத்தான் சொன்னது. தரையும் சுவரும் இந்த எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும்; போக்கு மாறாது.

சரிசெய்யும் வழிகளை, செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலில் கிராஸ்ஓவரை, அதாவது ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சுற்றை, திறந்து, மிட்ரேஞ்சோடு தொடராக உள்ள கெப்பாசிட்டரின் மதிப்பைப் படியுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு, 1,59,155-ஐ ஓமாலும் மைக்ரோஃபாரடாலும் வகுத்தால் அது எந்த அதிர்வெண்ணில் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். ஆயத்தமாக வாங்கிய ஒரு கிராஸ்ஓவர் பலகையில் நான் கண்டது 10 மைக்ரோஃபாரட். கணக்குப்படி மிட்ரேஞ்ச் தொடங்குவதே 2,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்! கீழ்ச்சுரங்களுக்கான பெரிய ஸ்பீக்கரான வூஃபர் 500-லேயே விடைபெற்றுவிட்டால் நடுவில் உள்ள குரல் முழுவதும் அநாதை. 300 ஹெர்ட்ஸில் தொடங்க வேண்டுமானால் 66 மைக்ரோஃபாரட் வேண்டும். துருவமில்லாத கெப்பாசிட்டராக இருக்க வேண்டும். அது கிடைக்காதபோது, சாதாரண மின்பகுளிக் கெப்பாசிட்டர் இரண்டின் எதிர்மின் (−) முனைகளை ஒன்றோடொன்று இணைத்தால் மதிப்பு பாதியாகும், துருவமும் போய்விடும். சோதனைக்கு அது போதும். நிரந்தரமாக அப்படி விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது, பலகையின் நட்டக் கோட்டுக்கு, அதாவது நட்டம் தொடங்கும் அந்த அதிர்வெண்ணுக்கு, கீழே மிட்ரேஞ்சை வேலை வாங்காமல் இருப்பது. 40 செ.மீ. பலகையானால் 280, 300 ஹெர்ட்ஸ் வரை வூஃபரிடமே விட்டுவிடுங்கள். பெரிய கூம்புக்குக் காற்றைத் தள்ளும் தெம்பு உண்டு, தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதன் அளவையும் கூட்டிக்கொள்ளலாம். நான் கடைசியில் செய்தது இதைத்தான்.

மூன்றாவது, பலகையை அகலமாக்குவது. 60 செ.மீ. ஆக்கினால் ஆதார ஷட்ஜத்தின் இழப்பு 3 டெசிபல் அளவுக்குக் குறைந்துவிடும். கூடத்தில் அவ்வளவு அகலத்துக்கு இடமில்லாதவர்கள் பலகையின் இருபக்கமும் பின்னோக்கிச் சிறகு வைக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் 10 செ.மீ.க்குள் நிறுத்துங்கள். 20 செ.மீ. ஆழச் சிறகு 440 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு குழாய்போலத் தானே ஊத ஆரம்பித்துவிடும். தேய்ந்த குரலைச் சரிசெய்யப் போய் உறுமும் குரலை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

ஸ்பீக்கர் தேர்வு இங்கே எங்கே வருகிறது? இரண்டு இடத்தில். ஒன்று, உணர்திறன், அதாவது ஒரே மின்திறனுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பது. மேட்டைக் குறைத்துத்தான் பள்ளத்தோடு சமன்செய்ய முடியும் என்பதால், மிட்ரேஞ்ச் முதலிலேயே கொஞ்சம் உரக்கப் பேசுவதாக இருக்க வேண்டும். 86 டெசிபல் ஸ்பீக்கரில் 6 டெசிபலைக் குறைத்தால் மிஞ்சுவது முணுமுணுப்பு. 92, 94 டெசிபல் உள்ளதை எடுத்தால் குறைத்த பிறகும் வூஃபரோடு நிற்கும். இரண்டாவது, ஒத்ததிர்வு அதிர்வெண், அதாவது கூம்பு இயல்பாகவே மிகுதியாக அதிரும் அதிர்வெண். அது நீங்கள் பிரிக்கும் அதிர்வெண்ணில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. 300-இல் பிரிக்கிறீர்கள் என்றால் 150-ஐத் தாண்டக் கூடாது.

தகவல் தாள் இல்லாத ஸ்பீக்கரானால் நீங்களே அளக்கலாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து 100 ஓம் மின்தடை ஒன்றின் வழியாக ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுங்கள். ஸ்பீக்கரைக் காற்றில் தொங்கவிட்டு, அதன் இரு முனைகளில் மாறுமின்னழுத்தம் அளக்கும்படி மல்டிமீட்டரை வையுங்கள். ஒலியளவைச் சிறிதாக வைத்து, கைப்பேசியில் 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறுங்கள். மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அந்த உச்சம்தான் ஒத்ததிர்வு. ஐந்து நிமிட வேலை. கடைக்காரர் வாய்ச்சொல்லைவிட இது நம்பகமானது.

அறிகுறி: மூக்கால் பாடுகிறது, டப்பாவுக்குள் பேசுவதுபோல் இருக்கிறது

இங்கே மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. நான் இதை அறைக்குள் செய்வதில்லை. சாயங்காலம் காற்று ஓய்ந்த நேரத்தில் பலகையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகிறேன். கிராமத்தில் இருப்பவர்களுக்குக் களம் இன்னும் நல்லது, சுற்றிலும் சுவரே இல்லை. 500 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்துவிட்டு, பலகையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, கைப்பேசியைக் காது உயரத்தில் பிடித்துக்கொண்டு பலகையைச் சுற்றி நடங்கள். முன்னே உரக்க இருக்கும். பக்கவாட்டுக்கு வர வர ஒலி வடிந்து, பலகையின் விளிம்புக்கு நேராக நிற்கும்போது ஏறக்குறைய அமுங்கிவிடும். தாண்டிப் பின்னே போனால் மறுபடி எழும். முதன்முறை அந்த அமைதிக்குள் காலெடுத்து வைத்தபோது ஸ்பீக்கர் நின்றுவிட்டது என்று நினைத்து ஒயரைப் பார்த்தேன்.

இப்போது 1,000, 1,500, 2,000 என்று உயர்த்தி அதே சுற்றை நடங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் 3 டெசிபலுக்குள் வித்தியாசம் இருந்தால் முதுகு நன்றாக இருக்கிறது. பின்பக்கம் 6, 8 டெசிபல் குறைந்தாலோ, விளிம்பில் ஒலி அமுங்கவில்லை என்றாலோ, பின்பக்க ஒலிக்கு எங்கோ வழி அடைபட்டிருக்கிறது.

முதலில் துளையைப் பாருங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் நேராக அறுத்த துளைக்குள் ஆறரை அங்குல ஸ்பீக்கரை வைத்தால், கூம்பைப் பின்னே தாங்கும் உலோகச் சட்டமான கூடையின் ஜன்னல்களில் பாதியை மரமே மூடிவிடும். பின்பக்க ஒலி ஒரு சின்னக் குகைக்குள்ளிருந்து வெளியே வருகிறது. மூக்கடைப்பின் முதல் காரணம் அதுதான். துளையின் பின் விளிம்பை 45 பாகையில் சீவிவிட வேண்டும். எங்கள் ஆசாரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, சீவிவிட்டால் திருகு எதில் பிடிக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. திருகு வரும் நான்கு இடத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு மரத்தை விட்டுவிட்டு, இடைப்பட்ட இடங்களை மட்டும் அரைவட்ட அரத்தால் சீவினார். திரும்ப மாட்டிப் பாட்டைப் போட்டதும் அவரே, "இப்போதுதான் வாயைத் திறக்கிறது" என்றார். ஒரு ரூபாய் உதிரிபாகம் மாற்றாமல் கிடைத்த முன்னேற்றத்தில் இதற்கு இணையாக வேறொன்றையும் நான் கேட்டதில்லை.

அடுத்தது ஸ்பீக்கரின் முதுகு. பெரிய ஃபெரைட் காந்தம், தகட்டில் அழுத்திச் செய்த அகலமான கால்கள் உள்ள கூடை. இந்த இரண்டும் சேர்ந்தால் கூம்புக்குப் பின்னே ஒரு சுவர் எழுப்பியதற்குச் சமம். கால்கள் மெலிந்த வார்ப்புக் கூடையும், சிறிய நியோடிமியக் காந்தமும் உள்ள ஸ்பீக்கர்கள் திறந்த பலகைக்கு மேலானவை. கையில் இருப்பதை மாற்ற முடியாதவர்கள், காந்தத்தின் முன்முகத்திலும் கூடைக் கால்களின் உள்பக்கத்திலும் மெல்லிய கம்பளித் துணியை ஒட்டலாம். கூம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுவதும் தீராது, ஆனால் டப்பா ஓசை குறையும்.

பின்பக்கம் முழுதும் உலோகக் கிண்ணத்தால் மூடிய மிட்ரேஞ்ச் ஸ்பீக்கரைச் சிலர் பலகையில் பொருத்திவிடுகிறார்கள். அதற்கு முதுகே கிடையாது. அதைப் பொருத்தியிருந்தால் இது திறந்த பலகையே இல்லை. சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு ஸ்பீக்கர் தேடுங்கள்.

முன்னும் பின்னும் சமமாக இருந்தும் மூக்கோசை போகவில்லை என்றால், மிச்சம் அந்த 875 ஹெர்ட்ஸ் மேடு. துளை பலகையின் நட்டநடுவில் இருந்தால் மேடும் பள்ளமும் கூர்மையாக இருக்கும். வட்டப் பலகையின் மையம் எல்லாவற்றிலும் மோசம். எல்லா ஓரமும் ஒரே தூரம். துளையை ஒரு பக்கமாகத் தள்ளி, இரு ஓரங்களின் தூரம் இரண்டுக்கு மூன்று என்ற அளவில் இருக்கும்படி வைத்தால் மேடு பரவித் தணியும். இடது, வலது பலகைகளை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அறுக்க மறக்காதீர்கள். இதற்கு மேலும் தணிக்க, மிட்ரேஞ்சோடு தொடராக 1 மில்லிஹென்றி காயிலும் (கம்பிச்சுருள்) அதற்கு இணையாக 4.7 ஓம், 10 வாட் மின்தடையும் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் இது மேல்பகுதியை 4 டெசிபல் அளவுக்கு இறக்கி, கீழ்ப்பகுதியைத் தொடாமல் விடும். 8 ஓம் மின்தடையானால் 6 டெசிபல். காதால் கேட்டு, இடைப்பட்ட மதிப்பில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சீக்ஃப்ரிட் லிங்க்விட்ஸ், 2018-இல் மறைந்தவர், இந்தத் துறையில் பலருக்கும் ஆசான். அவருடைய எல்எக்ஸ்521 ஸ்பீக்கரின் பலகை மேலே போகப்போகக் குறுகும். உயர்ந்த சுரங்களுக்குக் குறுகிய பலகை, கீழ்ச்சுரங்களுக்கு அகலமான பலகை. பள்ளத்தை அந்தந்த ஸ்பீக்கரின் வேலை எல்லைக்கு வெளியே துரத்துகிற ஏற்பாடு அது. நம் பலகையையும் கோபுரம்போல் மேலே குறுக்கி அறுத்தால் அந்தப் பலனில் ஒரு பங்கு கிடைக்கும்.

அறிகுறி: நாகசுரம் காதைக் குத்துகிறது

கோயில் பிராகாரத்தில், திறந்த வெளியில், நாகசுரம் கேட்டு வளர்ந்த காது நமக்கு. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிற அந்தக் கருவி எவ்வளவு உரக்க ஒலித்தாலும் எதிரே நின்றால் காது கூசாது, நிறைவாக இருக்கும். ஸ்பீக்கரில் அதே நாகசுரம் ஊசியாகக் குத்தினால் கோளாறு சீவாளியில் இல்லை, கூம்பில் இருக்கிறது.

உயர்ந்த சுரங்களுக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரின் ஒயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். குத்தல் நின்றால் ட்வீட்டரின் அளவைக் குறையுங்கள். அப்படியே இருந்தால் மிட்ரேஞ்சின் கூம்பு உடைந்து அதிர்கிறது. உயர்ந்த அதிர்வெண்களில் கூம்பு ஒரே துண்டாக அசையாமல், பகுதி பகுதியாக நெளிவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆறரை, எட்டு அங்குலக் காகிதக் கூம்புகள் பலவும் 3,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸுக்குள் இதைத் தொடங்கிவிடும். அலுமினியக் கூம்பில் இது இன்னும் கூர்மையான ஒற்றை உச்சமாக வரும். மருந்து, ட்வீட்டருக்கு மாறும் இடத்தை 2,000, 2,500-க்கு இறக்குவது. உங்கள் ட்வீட்டர் அவ்வளவு கீழே இறங்காது என்றால், சிறிய மிட்ரேஞ்ச், அதாவது நான்கு அல்லது ஐந்து அங்குலம், வைத்து வூஃபரை மேலே இழுக்க வேண்டும். என் கருத்தில், குரலும் நாகசுரமும் கேட்கிறவர்களுக்கு உலோகக் கூம்பைவிட, விளிம்பில் மடிப்புத் துணி வைத்த காகிதக் கூம்பு மேல். அது உடைந்தாலும் மெதுவாக உடைகிறது.

நடுவில் ஒரு சின்னக் கூம்பு ஒட்டிய முழு அலைவரிசை ஸ்பீக்கர்களை மிட்ரேஞ்சாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அந்தச் சின்னக் கூம்புதான் பல நேரம் குத்துகிறது. அதன் ஒலி பின்பக்கம் சரியாக வருவதும் இல்லை.

அறிகுறி: சத்தம் கூட்டினால் 'டொக்' என்று அடிக்கிறது, குரல் கலங்குகிறது

உடனே சத்தத்தைக் குறையுங்கள். கூம்பின் அடியில் ஒட்டிய கம்பிச்சுருளான காயில், காந்தத்தின் பின்தட்டில் மோதுகிறது. பெட்டியில் அதிர்வெண் பாதியாகும்போது, அதே ஒலியளவுக்குக் கூம்பு 4 மடங்கு அசைய வேண்டும். திறந்த பலகையில், நட்டக் கோட்டுக்குக் கீழே, 8 மடங்கு. 300 ஹெர்ட்ஸில் கால் மில்லிமீட்டர் அசைந்த கூம்பு 150-இல் 2 மில்லிமீட்டர் அசைய வேண்டியிருக்கும். மைக் செட்டுக்கான மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு மொத்தத் தாங்குதிறனே அவ்வளவுதான். கெப்பாசிட்டரைத் தவிர்த்து நேராக இணைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். ஒற்றைக் கெப்பாசிட்டர் போதாமல் போகும் இடமும் உண்டு: ஒத்ததிர்வு அருகே ஸ்பீக்கரின் ஓம் எகிறுவதால் கெப்பாசிட்டர் அங்கே தடுப்பதில்லை. ஒரு காயிலை ஸ்பீக்கருக்கு இணையாகச் சேர்த்து இரண்டாம் படி வடிகட்டியாக்கினால் அடங்கும்.

அறிகுறி: பாடகர் நடுவில் நிற்கவில்லை

இடது, வலது இரண்டில் ஒன்றின் துருவம் மாறியிருக்கிறது. பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு முன்னே வர வேண்டும். இரண்டையும் சோதியுங்கள். முனையில் அச்சிட்ட குறியை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ஸ்பீக்கரில் காயில் மாற்றியவர் குறியைக் கவனித்திருக்க மாட்டார். துருவம் சரி என்றால் பின்சுவரைப் பாருங்கள். ஒரு பலகை சுவரிலிருந்து ஓரடியும் மற்றது நாலடியும் தள்ளி நின்றால் குரல் ஒருபக்கம் சாயும். இரண்டுக்கும் பின்னே மூன்றடியாவது விடுங்கள். ஒரு மீட்டர் விட்டால், சுவரில் பட்டு வரும் பின்பக்க ஒலி 6 மில்லிநொடி அளவுக்குப் பிந்தி வரும். அந்த இடைவெளி இருந்தால் காது அதைத் தனியாகப் பிரித்து, அகலமாக உணரும். சுவரை ஒட்டினால் எல்லாம் குழம்பிவிடும்.

அறிகுறி: கரகரப்பு, உரசல், நேற்று இருந்த தெளிவு இன்று இல்லை

நம் மண்ணுக்கே உரிய தொல்லை இது, அதனால் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டி இல்லாத ஸ்பீக்கருக்குக் காவல் இல்லை.

மன்னார்குடிப் பக்கம் என் அத்தை மகன் வீட்டில் ஒரு பலகை மட்டும் திடீரென்று அடைத்தாற்போல் ஒலிக்கத் தொடங்கியது. கிராஸ்ஓவரை எல்லாம் அளந்து பார்த்துவிட்டான். நான் போனதும் பலகையின் பின்னே போய் டார்ச் அடித்தேன். காந்தத்தின் நடுவே காற்றுப் போகிற அந்த ஒற்றைத் துளையை, பிசிறில்லாமல் வழித்து மெழுகியதுபோல், களிமண் மூடியிருந்தது. குளவி. கூடை ஜன்னலிலும் ஒரு கூடு பாதி கட்டியிருந்தது. இதைக் குச்சியால் உள்ளே தள்ளிவிடாதீர்கள். மண் தூள் காயில் இடைவெளிக்குள் விழுந்தால் ஸ்பீக்கர் போய்விடும். ஸ்பீக்கரைக் கழற்றி, துளை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, தென்னை ஈர்க்கால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக வெளியே இழுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். காந்தம் கையிலிருந்து பறித்துக்கொள்ளும். சுத்தம் செய்த பின் அந்தத் துளைக்கு மெல்லிய நைலான் கொசுவலைத் துண்டு ஒட்டிவிட்டோம். மறுபடி குளவி வரவில்லை.

சம்பா அறுவடை நேரத்தில், தையிலும் மாசியிலும், அறுவடை இயந்திரம் ஓடும் வயலையொட்டிய வீடுகளில் பதரும் தூசும் ஜன்னல் வழியே வந்து எல்லாவற்றின் மேலும் படியும். கூம்பின் பின்பக்கத்தில் படிந்தது காயில் பக்கமாக இறங்கும். கிரில் பட்டறை பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரும்புத் தூள். அதைக் காந்தம் தானே இழுத்துக்கொள்ளும். உரசல் இருக்கிறதா என்று பார்க்க, இரு கைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர் ஓரங்களில் வைத்து, சமமாக, மிக மெதுவாக அழுத்தி விடுங்கள். மணல் நெறிவதுபோல் விரலில் உணர்ந்தால் தூள் உள்ளே போய்விட்டது. வெளியே தெரியும் இரும்புத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்கலாம்; இடைவெளிக்குள் போனதை, கூம்பு மாற்றிப் பழகிய கைதான் எடுக்க வேண்டும்.

வராமல் தடுப்பது எளிது. ரீப்பர் சட்டத்தில் பழைய பருத்தி வேட்டித் துணியை ஒற்றை மடிப்பாக இழுத்துக் கட்டி, பலகையின் பின்னே ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். துணியை உதட்டருகே பிடித்து ஊதினால் மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போக வேண்டும். போனால் ஒலியும் போகும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காகிதக் கூம்பு நீர்ப்பதம் ஏறிக் கொஞ்சம் மந்தமாகும். வெயில் வந்தால் மீண்டுவிடும். ஃபோம் விளிம்புதான் மீளாது. அது உதிர்ந்து கரகரக்கும். நம் பக்கத்துக்கு வாங்கும்போதே துணி அல்லது ரப்பர் விளிம்பாகப் பார்த்து வாங்குங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, ஒலி விட்டுவிட்டு வரும். கிளிப்பை விட்டுவிட்டு ஈயம் வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. பலகை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆக இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் துளையின் ஓரம் உப்பி, திருகு தளர்ந்து, ஸ்பீக்கரே பலகையில் ஆடிச் சடசடக்கும். மரைன் பிளைவுட் செலவு கூடுதல்தான். ஆனாலும் அதுதான் நிற்கிறது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஸ்பீக்கரைத்தான் மாற்ற வேண்டும் என்றால்

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, ஊரில் மைக் செட் வைத்திருப்பவரிடம் கேட்டாலும் சரி, கையில் கொடுத்த ஸ்பீக்கரை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். கூடையின் ஜன்னல் வழியே கூம்பின் எவ்வளவு பகுதி கண்ணுக்குத் தெரிகிறது? அவ்வளவுதான் வெளியே ஒலிக்கும். பிறகு தகவல் தாள். உணர்திறன் 90 டெசிபலுக்குக் குறையாமல்; ஒத்ததிர்வு பிரிக்கும் இடத்தில் பாதிக்குள். ஒத்ததிர்வில் கூம்பின் ஆட்டம் எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் க்யூடிஎஸ் என்ற எண்ணைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். திறந்த பலகை வூஃபருக்கு அது 0.7-ஐ ஒட்டியோ மேலேயோ இருப்பது நல்லது என்பது சரி. மிட்ரேஞ்சை அதன் ஒத்ததிர்வுக்கு வெகு மேலே வெட்டிவிடுவதால் அங்கே 0.3 இருந்தாலும் 0.6 இருந்தாலும் வேலைக்குத் தடையில்லை. அந்த எண்ணுக்காக நல்ல முதுகுள்ள ஸ்பீக்கரை விட்டுவிடாதீர்கள்.

காரில் வைக்கும் 4 ஓம் ஸ்பீக்கர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டை இணையாகப் போட்டால் 2 ஓம்; சாதாரண ஆம்ப்ளிஃபயர் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். தொடராகப் போட்டு 8 ஓமாக்கலாம்.

பழைய வால்வு ரேடியோ கிடைத்தால் விடாதீர்கள். அவற்றின் மரப்பெட்டிக்குப் பின்னே துளையிட்ட அட்டை மட்டும்தான் இருக்கும். அந்த ஸ்பீக்கர்கள் பிறந்ததே திறந்த முதுகோடு பாடத்தான். எடை குறைந்த காகிதக் கூம்பு, நல்ல உணர்திறன். மிகப் பழையவற்றில் நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தச் சுருள் இருக்கும். பின்னே கூடுதலாக இரண்டு ஒயர் வந்தால் அதுதான். தனி மின்சாரம் இல்லாமல் அது பேசாது.

புதிய ஸ்பீக்கர் வந்ததும் பிளைவுட்டைத் தொடாதீர்கள். ஃபிரிட்ஜ் வந்த தடித்த அட்டையை இரண்டு மடிப்பாக ஒட்டி, அதில் துளை போட்டு, ஒரு வாரம் கேளுங்கள். அகலத்தைக் கத்தியால் குறைத்தும், பக்கத்தில் அட்டை ஒட்டிக் கூட்டியும் பார்க்கலாம். திருப்தியான பிறகு ஆசாரியிடம் போங்கள். துளையின் விட்டத்தைத் தகவல் தாளிலிருந்து சொல்லாமல், ஸ்பீக்கரையே கையோடு கொண்டுபோய்ப் பலகைமேல் வைத்து வரையச் சொல்லுங்கள். அச்சிட்ட அளவுக்கும் கையில் இருப்பதற்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறுவது உண்டு.